கை தூக்கினால் போக வேண்டியதுதான்

பொன்மலை ரயில்வே காலனியில் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் பேட்டிங் பக்கத்து ஆள்தான் அம்பயர். வேறு வழி கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர் தேறுவதே பெரும்பாடு. ஃபீல்டிங் பக்கத்தில் ஒருவனைக்கூடப் பிரிக்க முடியாது. அவனை அம்பயராக நிறுத்தினால் சாக்கடை ஓரம் யார் நிற்பது? ஆகவே சும்மா இருப்பவன் யார் என்று பார்த்தால், இப்போதுதான் அவுட்டாகி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவன்தான். அவனை இழுத்து வந்து பவுலர் முனையில் செங்கல் பக்கத்தில் நிறுத்துவோம். தன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும், தான் அவுட்டான ஆத்திரமும் சேர்ந்து கொதிக்கிற ஆளிடம் நியாயம் கேட்கிற ஆட்டம் அது.

அதற்கேற்ற ஏற்பாடுகளும் இருந்தன. டாஸ் போடும் முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவோம்: “எல்பி கிடையாது. முதல் பந்து ட்ரையல். ஒன் பிட்ச் ஒரு கையில பிடிச்சா அவுட்டு. கார்டு வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள போனா அவுட்டு, அடிச்சவன்தான் போய் எடுக்கணும்.” எல்பி ஏன் கிடையாது என்று யாரும் கேட்டதில்லை. தன் பக்கத்து ஆளுக்குக் காலில் பட்டதென்று கை தூக்கும் அம்பயர் எங்கள் தெருவில் பிறந்திருக்கவில்லை. அதனால் அந்த விதியையே எடுத்துவிட்டோம். நடத்தி வைக்க ஆளில்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போல்டு விஷயத்திலும் நிம்மதி இல்லை. குவார்ட்டர்ஸ் பின்சுவரில் கரியால் மூன்று கோடு இழுத்திருப்போம், அதுதான் ஸ்டம்ப். பந்து கோட்டில் பட்டதா, கோட்டுக்கு வெளியே பட்டதா என்று நாள் தவறாமல் ஒரு வழக்கு. பவுலர் ஓடி வந்து பந்தை எடுத்து, வெளிர்ந்துபோன ரோமத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பைச் சுட்டிக் காட்டுவான். “கரி ஒட்டியிருக்கு பாரு.” பேட்ஸ்மேன் அசரமாட்டான். “அது போன ஓவர்ல ஒட்டுனது.” அதற்கும் ஒரு தீர்வு கண்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பவுலர் பந்தை டிராயரில் நன்றாகத் துடைத்து, நான்கு பக்கமும் திருப்பி பேட்ஸ்மேனுக்குக் காட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும். வீட்டுக்கு வீடு கரி படிந்த டிராயர்களைப் பார்த்து அம்மாக்கள் கத்தினார்கள். சண்டை மட்டும் குறையவில்லை. “கரி ஓரத்துலதான இருக்கு? ஓரத்துல பட்டா ஸ்டம்பு விழுமா?” என்று அடுத்த கட்டத்துக்குப் போனது.

கடைசிப் புகலிடம் ரீபால். சந்தேகம் என்று எவன் வாயெடுத்தாலும் அந்தப் பந்தைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி போட வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடந்தது என்னவென்றால், யாருக்குத் தொண்டை பெரிதோ அவனுக்குச் சந்தேகம் அதிகம் வந்தது. சங்கு ஊதி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து சைக்கிள்கள் கும்பலாக வெளியே வந்து, தெருவிளக்கும் எரிந்த பிறகு இருட்டில் பந்து தெரியாமல் கலைவோமே தவிர, ஒரு மேட்சாவது முடிந்து இன்னார் ஜெயித்தார் என்று வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. அழுகுணி ஆட்டம் என்று பெரியவர்கள் திட்டுவது சரியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் தெரு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வேறு. காலனியின் பெரிய பையன்கள் மைதானத்தில் கார்க் பந்தில் ஆடுவார்கள். கார்க் பந்து என்றால் விளையாட்டில்லை. முட்டியில் பட்டால் ஒரு வாரம் படிக்கட்டு ஏற முடியாது. எங்கள் டீமிடம் இருந்தது ஒரே ஜோடி பேடு. அதை ஆளுக்கொன்றாகப் பிரித்து, இரண்டு பேட்ஸ்மேன்களும் இடது காலில் மட்டும் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஸ்டம்புகள் மரம், பெயில்ஸ் ஒர்க்‌ஷாப்பில் யாரோ கடைந்து கொடுத்தது. வெளியூர் டீம் வந்தால் அது பந்து மேட்ச். தோற்ற பக்கம் புது கார்க் பந்து ஒன்று கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஆட்டங்களுக்கு நான் ஸ்கோரர். ஆடுகிற வயதில்லை, ஆனால் கணக்கு நன்றாகப் போடுவேன் என்று கேப்டன் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டும் சீவிய பென்சிலும் என் சொத்து. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஆறும் புள்ளியாக வந்தால் அவற்றை இணைத்து ஆங்கில எழுத்து ‘எம்’ மாதிரி வரைய வேண்டும், அது மெய்டன். மெய்டனில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே புள்ளிகளைத் தலைகீழாக இணைத்து ‘டபிள்யூ’. அதைப் போடுகிறபோது கை சந்தோஷத்தில் நிதானம் இழக்கும்.

அம்பயர் சார்ஜ்மேன் மாமா. யாருக்கும் சொந்த மாமா இல்லை, காலனிக்கே மாமா. ஒர்க்‌ஷாப்பில் சக்கரப் பிரிவில் வேலை. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த குடும்பம் என்று அப்பா சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்த வெள்ளை முழுக்கைச் சட்டை, காக்கி பேண்ட், துணித் தொப்பி. வலது பையில் ஆறு புளியங்கொட்டை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்கு மாறும். ஆறாவது கொட்டை போனதும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு “ஓவர்” என்பார். அந்தக் கொட்டைகள் தேய்ந்து, எண்ணெய் போட்டதுபோல மினுங்கும். பையன்கள் தெருவில் பல்லாங்குழிக்குக் கேட்டால்கூடக் கொடுக்கமாட்டார்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் கையை ஆட்டுனா நீ பதிலுக்குக் கையைத் தூக்கணும். நீ தூக்குற வரைக்கும் ஆட்டம் நிக்கும். ஞாபகம் வச்சுக்க.” கிரிக்கெட் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்: அம்பயரின் ஒவ்வொரு சைகையையும் ஸ்கோரர் ஏற்றுக்கொண்டதாகக் காட்ட வேண்டும்; அதுவரை அவர் ஆட்டத்தைத் தொடரக் கூடாது. அன்றைக்குச் சட்டம் யாருக்குத் தெரியும்? பவுண்டரிக்கு அவர் கையை இப்படியும் அப்படியும் வீசிவிட்டு என் பக்கம் பார்த்துக் காத்திருப்பார். என்னைவிட இரண்டு மடங்கு உயரமான பவுலர் ஓடத் தயாராக நிற்பார். நான் பென்சில் பிடித்த கையை உயர்த்துவேன். அதற்குப் பிறகுதான் ஆட்டம் நகரும். மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த பொடியன் ஒருவனுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிகாரம்!

ஒருநாள் மாமா “ஓவர்” சொல்லிவிட்டார். என் நோட்டில் ஐந்து பந்துதான் இருந்தது. இடைவேளையில் ஓடிப் போய்ச் சொன்னேன். பையைத் தடவிப் பார்த்தார். வலது பையில் ஒரு கொட்டை மிச்சம் இருந்தது. சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. “அஞ்சுன்னா அஞ்சுன்னே எழுது. அடுத்த ஓவர்ல சேத்துப் போடக் கூடாது. நான் ஓவர்னு சொன்னா ஓவர்தான். சட்டமே அப்படித்தான்.” அவர் சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே சட்டம் அப்படித்தான்: அம்பயர் எண்ணிக்கையில் தவறினால், அவர் எண்ணியபடியே ஓவர் நிற்கும். அம்பயர் தப்பே செய்யமாட்டார் என்று கிரிக்கெட் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. தப்பு செய்வார் என்று தெரிந்தே, அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறது.

86ஆம் வருடம் கோடை விடுமுறையில் நடந்த ஒரு பந்து மேட்ச்தான் எனக்கு மறக்காமல் நிற்பது. டவுன் பக்கத்திலிருந்து வந்த டீம். வழக்கப்படி பக்கத்துக்கு ஓர் அம்பயர்: ஒரு முனையில் அவர்கள் கூட்டி வந்தவர், மறு முனையில் எங்கள் சார்ஜ்மேன் மாமா. அவர்கள் முதலில் ஆடி முடித்து, நாங்கள் துரத்திக்கொண்டிருந்தோம். கேப்டன் அண்ணன் நின்று ஆடினார். இன்னும் இருபது ரன் போல வேண்டும், கையில் நான்கு விக்கெட். எனக்குப் பக்கத்தில் பையன்கள் அப்போதே புதுப் பந்தை யார் வீட்டில் வைப்பது என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.

மாமா முனையிலிருந்து பந்து. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வந்தது. அண்ணன் முன்னால் கால் வைத்துத் தள்ளினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். கீப்பர் பிடித்துப் பந்தை மேலே எறிந்தார். பதினொரு பேரும் கத்தினார்கள். ஒற்றைப் பேடின் வார் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதன் பக்கிளில் பட்டாலும் அதே சத்தம்தான் வரும். மாமா உடனே கை தூக்கவில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆள்காட்டி விரல் மேலே போனது.

கேப்டன் அண்ணன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். வருகிற வழியிலேயே குனிந்து பேடைக் கழற்றி அடுத்து இறங்குகிறவரிடம் கொடுத்தார். மரத்தடியில் வந்து தண்ணீர் கேட்டார். சொற்ப ரன்னில் தோற்றோம். புது கார்க் பந்து டவுன் பக்கம் போய்விட்டது.

எங்கள் வேகப்பந்து வீச்சாளருக்கு ‘ஸ்பீடு’ என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயரை அவர் அம்மா மட்டும்தான் கூப்பிடுவார். பந்து எவ்வளவு வேகமோ அதைவிடக் கோபம் வேகம். ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த மாமாவிடம் நேரே போனார்.

“மாமா, நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?”

மாமா புளியங்கொட்டைகளை ஒரே பையில் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். “அடுத்த ஞாயித்துக்கிழம நீ ஆட வேணாம்” என்றார். “வெள்ளச் சட்ட இருக்கா? போட்டுட்டு வா. ஒரு முனையில நீ நில்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பீடு சிரிக்கவில்லை. கேப்டன் அண்ணன் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பேட்ல பட்டுச்சா இல்லையா?” என்றார். அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: “கை தூக்கிட்டாருல்ல?” பிறகு எத்தனையோ தடவை, எத்தனையோ பேர், எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தோம். அந்த வாக்கியத்துக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்பீடு வந்தார். அண்ணனுடைய கல்யாணச் சட்டை. தோளில் தொளதொளவென்று இருந்தது. மாமா ஆறு புளியங்கொட்டைகளை எண்ணி அவர் கையில் வைத்தார். தனக்கு வேறு ஆறு கொண்டுவந்திருந்தார்.

நான் அன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கும் சொல்ல முடியும், ஏனென்றால் ஸ்கோரரின் கண் அம்பயரை விட்டு அகலக் கூடாது. பவுலர் ஸ்பீடின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வருவார். முன்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று தரையைப் பார்க்க வேண்டும். பார்த்த அதே நொடியில் கண்ணைத் தூக்கி எதிர்முனையைப் பிடிக்க வேண்டும். கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதற்குள் பந்து குத்தி, திரும்பி, எதிலோ பட்டுவிடும். எதில் என்று தெரிவதற்குள் பவுலர் இவர் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு என்ன? கேட்பதுதான் அவர் வேலை. பந்து போடுகிறபோது ஸ்பீடும் அப்படித்தான் கேட்பார், அடுத்த காலனிக்குக் கேட்கிற மாதிரி.

பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஒரு எல்பி முறையீட்டுக்கு ஸ்பீடு தலையை இடவலமாக ஆட்டினார். பவுலர் கையைத் தொங்கவிட்டு, வானத்தைப் பார்த்து, மெதுவாக நடந்து போனார். இன்னொன்றுக்கும் ஆட்டினார். ஸ்லிப்பில் ஒருவன், “அம்பயருக்குக் கழுத்து சுளுக்கிடப் போவுது” என்றான். மதியத்துக்கு மேல் ஒரு ரன் அவுட். எங்கள் பக்கத்து பேட்ஸ்மேன் முழு நீளம் பேட்டை நீட்டி வந்து விழுகிறான். அதே நேரம் ஸ்டம்ப் சிதறுகிறது. தூசி. எதிரே நின்ற மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் முனை இல்லை, உதவிக்கு வரமாட்டார். ஸ்பீடின் தொண்டையில் எச்சில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. விரலைத் தூக்கினார். எங்கள் ஆள் தரையிலிருந்து எழாமலே அவரைப் பார்த்தான். ஸ்பீடு அவன் பக்கம் திரும்பாமல், கையிலிருந்த கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது. “ரெண்டு கண்ணு பத்தல மாமா.”

“எனக்கும் ரெண்டுதான் இருக்கு” என்றார் மாமா.

அதற்குப் பிறகு வாக்குவாதம் செய்தவனுக்கெல்லாம் அதே தண்டனை என்று வழக்கமாகிவிட்டது. சண்டை போட்டால் அடுத்த வாரம் வெள்ளைச் சட்டை. தெரு ஆட்டத்திலும் ரீபாலை எடுத்துவிட்டார்கள். முதல் சில நாள் கூச்சல் பலமாக இருந்தது. ஆனால் முதல்முறையாக ஓர் ஆட்டம் இருட்டுவதற்கு முன்பே முடிந்தது. தோற்றவர்கள் தோற்றோம் என்று தெரிந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் மெட்ராஸ் டெஸ்ட். ஆலன் பார்டரின் ஆஸ்திரேலியா. சேப்பாக்கம் வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574இல் டிக்ளேர் செய்தது. கபில்தேவ் 119 எடுத்ததால் இந்தியா ஃபாலோ ஆனிலிருந்து தப்பி 397. பிறகு பார்டர் 170க்கு 5 என்று நிறுத்தி, கடைசி நாள் 348 எடுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார். செப்டம்பர் 22, திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நாங்கள் ஓடியது டீக்கடைக்கு. ரேடியோவைப் பலகாரக் கண்ணாடிப் பெட்டி மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கவாஸ்கர் 90 எடுத்துப் போயிருந்தார். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிரெக் மேத்யூஸ் பந்து போடுகிறார் என்பதைக் கேட்டு டீ மாஸ்டர் நம்பவே இல்லை.

கடைசி ஓவருக்கு 4 ரன், ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. ஸ்கோர் சமம், 347. மூன்று பந்து மிச்சம், எதிரே மணிந்தர் சிங். ஒன்றைத் தடுத்தார். அடுத்தது பேடில் பட்டது. மேத்யூஸ் கேட்டு முடிப்பதற்குள் நடுவர் விக்ரம் ராஜு விரலைத் தூக்கிவிட்டார். டை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறை நடந்தது. 1960இல் பிரிஸ்பேனில், அதுவும் ஆஸ்திரேலியாதான், எதிரே வெஸ்ட் இண்டீஸ்.

டீக்கடையில் அன்று விழுந்த வசவுகளை எழுத முடியாது. காசு வாங்கிவிட்டார் என்றார்கள். கண் தெரியாது என்றார்கள். “நம்மூரு அம்பயரே நமக்கு அவுட் குடுத்தா வெளங்குமா?” என்று ஒருவர் கிளாஸை ஓங்கி வைத்தார். பேட்டில் பட்டுத்தான் பேடில் பட்டது என்று மணிந்தர் அன்றும் சொன்னார், பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். தான் கொடுத்தது சரி என்பதில் விக்ரம் ராஜுவும் அசைந்து கொடுக்கவில்லை. அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட். மூன்றாவது கிடைக்கவே இல்லை.

கடை வாசல் தூணில் சாய்ந்து நின்ற ஸ்பீடு அத்தனை கூச்சலுக்கும் வாயைத் திறக்காமல் இருந்தார். கடைசியில் அவர் கேட்டது: “அந்தாளுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?” யாருக்கும் அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்கியது, நோட்டை வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்ததால்.

சங்கு ஊதி வேலை முடிந்து வந்த சார்ஜ்மேன் மாமாவை மதகுக் கட்டையில் சூழ்ந்துகொண்டோம். அவர் அந்தப் பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. “நான் பாக்கல. பாக்காததப் பத்தி என்னத்தச் சொல்ல?” என்றார். ஆனால் வேறொன்று சொன்னார். “அவர் சும்மா நின்னிருந்தா யாரு கேட்டிருப்பா? அம்பதாயிரம் பேரு கைதட்டியிருப்பான். நம்ம ஆளுக்கு நம்ம ஊருல கை தூக்கணும்னா அதுக்கு ஒரு மனசு வேணும்டா.” அப்போதெல்லாம் எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டு நடுவர்கள்தான் இரண்டு முனையிலும். உலகம் முழுக்க ஒரே புகார்: உள்ளூர் அம்பயர் உள்ளூர் ஆளுக்கு அவுட் கொடுக்கமாட்டான். எங்கள் தெருவின் எல்பி பிரச்சினையேதான், அளவில் பெரியது. அந்தப் புகார் ஓங்கியிருந்த காலத்தில், ஆட்டத்தையே முடிவு செய்கிற பந்தில், ஒரு இந்திய நடுவர் இந்திய பேட்ஸ்மேனுக்கு விரலைத் தூக்கியிருக்கிறார்.

மதகுக்கட்டைப் பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். 81இல் மெல்போர்ன். லில்லி பந்தில் கவாஸ்கர் 70இல் எல்பி. பேட்டில் பட்டது என்ற கோபத்தில், கூட ஆடிய சேதன் சவுகானையும் தள்ளிக்கொண்டு வெளியேறினார். எல்லைக் கோட்டருகே அணி மேலாளர் வந்து சவுகானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது, ஆஸ்திரேலியாவுக்கு 143 இலக்கு, 83இல் சுருண்டது. கபில் 28 ரன்னுக்கு 5 விக்கெட். “சவுகானும் வெளிய வந்திருந்தா அந்த அஞ்சு விக்கெட்ட யாருகிட்ட எடுக்கறது?” என்பார் மாமா. கவாஸ்கரே பின்னாளில் அப்படி நடந்திருக்கக் கூடாது என்று வருந்தினார்.

“அப்போ தப்புன்னு தெரிஞ்சாலும் பேசக் கூடாதா மாமா?” என்று கேட்டது யார் என்று நினைவில்லை. பதிலுக்கு அவர் எடுத்தது 80ஆம் வருடம் பம்பாயில் நடந்த ஜூபிலி டெஸ்ட். இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 58. பாப் டெய்லர் கீப்பரிடம் கேட்ச் என்று நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பேட்டில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குப் பட்டது. நடுவரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. “விட்டுக்கொடுக்கிறவன் பேசலாம்டா. வேணும்னு கேக்கிறவன்தான் பேசக் கூடாது.” சட்டமும் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஃபீல்டிங் கேப்டன் நடுவரின் சம்மதத்தோடு முறையீட்டைத் திரும்பப் பெறலாம், பேட்ஸ்மேன் மைதானத்தை விட்டுப் போவதற்குள். கேட்காமல் அவுட்டும் கிடையாது. எவ்வளவு தெளிவான அவுட்டாக இருந்தாலும் ஒருவர் கேட்டால்தான் நடுவர் விரலைத் தூக்குவார்.

86 நவம்பரிலேயே பேப்பரில் ஒரு செய்தி வந்தது. லாகூரில் பாகிஸ்தானுக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் டெஸ்ட். நடுவர்கள் இந்தியாவிலிருந்து, வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத நடுவர்கள் நிற்கட்டும் என்று இம்ரான்கான் விரும்பி நடந்த ஏற்பாடு. மாமா அந்தச் செய்தியைக் கத்தரித்து ஒர்க்‌ஷாப் டிபன் பாக்ஸ் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார்.

பிறகு எல்லாம் மளமளவென்று மாறின. 1992இல் டர்பனில், டிவி பார்த்து மூன்றாவது நடுவர் கொடுத்த முதல் ரன் அவுட் சச்சின் டெண்டுல்கருக்கு. அடுத்த வருடம், 57 டெஸ்ட் ஆடிய நம் வெங்கட்ராகவன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மறுபக்கத்துக்கு வந்தார். 73 டெஸ்டில் நடுவராக நின்றார். ஆடியதைவிட நின்றது அதிகம். ஆயுள் முழுக்க ஆஃப் ஸ்பின் போட்டு முறையிட்டவர், முறையீடுகளுக்குத் தலையை ஆட்டும் இடத்துக்கு வந்ததை நினைத்தால் எனக்குத் தொளதொளச் சட்டை போட்ட ஸ்பீடுதான் ஞாபகத்துக்கு வருவார். 2002 முதல் டெஸ்டில் இரண்டு நடுவரும் வெளிநாட்டவர் என்றானது. 2008இல் இலங்கையில் இந்தியா ஆடியபோது, தீர்ப்பை எதிர்த்து வீரர்களே டிவி நடுவரிடம் போகலாம் என்ற முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் பயணம் முடங்கியபோது 2020இல் மறுபடி உள்ளூர் நடுவர்களே நின்றார்கள். அதற்கு ஈடாகப் பக்கத்துக்கு ஒரு முறையீடு கூடுதலாகக் கொடுத்தார்கள்.

இத்தனை கேமராவும் கணினியும் வந்த பிறகு சண்டை தீர்ந்ததா? எல்பி முறையீட்டில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசும் என்று கணினி காட்டினால், களத்தில் நிற்கிற நடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். அவுட் என்றிருந்தால் அவுட், இல்லை என்றிருந்தால் இல்லை. ஒரே பந்துக்கு இரண்டு தீர்ப்பும் சரியா என்று படித்தவர்கள் எல்லாம் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கரி ஓரத்தில் ஒட்டியிருந்தால் ஸ்டம்ப் விழுமா என்று எங்கள் குவார்ட்டர்ஸ் சுவருக்கு முன்னால் அலசாத பாயிண்டா? ஆதாரம் எவ்வளவு நுணுக்கமாக வந்தாலும் ஓரம் என்று ஒன்று மிஞ்சும். அந்த ஓரத்தில் யாராவது ஒருவர் சொல்வதை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த பந்து. நடுவரின் கண் எங்கள் கண்ணைவிடக் கூர்மை என்பதால் நாங்கள் மாமாவுக்குக் கட்டுப்படவில்லை. அவர் இல்லாமல் ஆட்டம் முடியாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டதால் கட்டுப்பட்டோம்.

2017இல் கிரிக்கெட் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது வீரர்களின் நடத்தைக்கென்றே தனியாக ஒரு விதி சேர்த்தார்கள். நடுவரின் தீர்ப்புக்குச் சொல்லாலோ செயலாலோ அதிருப்தி காட்டினால் முதலில் எச்சரிக்கை. அதே அணி மறுபடி செய்தால் எதிரணிக்கு ஐந்து ரன். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து ரன்னை நல்ல பேட்ஸ்மேன் ஒருவன் இரண்டு பந்தில் திரும்ப எடுத்துவிடுவான், ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டான். சட்டம் எழுதியவர்கள் சார்ஜ்மேன் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஐந்து ரன்னை அடித்துவிட்டு, கையில் ஆறு புளியங்கொட்டையைக் கொடுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் என்றுதான் திருத்தியிருப்பார்.